‘கேம்சென்டர் சிஎக்ஸ்’: ஒரே குழியில் ஒருவர் திரும்பத் திரும்ப விழுவதை ஜப்பான் ஏன் இருபது ஆண்டுகளாகப் பார்க்கிறது?

நெற்றியில் காய்ச்சலுக்கு ஒட்டும் குளிர்ப் பட்டை, உடம்பில் தொழிற்சாலைச் சட்டை, கையில் பழைய கன்ட்ரோலர். நடுவயது மனிதர் ஒருவர் சிறிய அறையில் உட்கார்ந்து 1980களில் வந்த வீடியோ கேம் ஒன்றை ஆடிக்கொண்டிருக்கிறார். திரையில் அவருடைய வீரன் குழியைத் தாண்டப் பார்க்கிறான், விழுகிறான். மறுபடி அதே குழி, மறுபடி விழுகிறான். வெளியே பகல் போய் இரவு வந்துவிடுகிறது. அவர் இன்னும் அந்தக் குழியைத் தாண்டவில்லை.

‘கேம்சென்டர் சிஎக்ஸ்’ என்ற ஜப்பானிய நிகழ்ச்சியின் துண்டுக் காட்சிகளை முதன்முறை பார்ப்பவர்களுக்கு இது பெரும் குழப்பத்தைத் தருகிறது. இது நகைச்சுவையா, போட்டியா? ஆடத் தெரியாதவரை ஏன் ஆட விடுகிறார்கள்? இவ்வளவு புகழ்பெற்ற நிகழ்ச்சி ஜப்பானுக்கு வெளியே முறையாகப் பார்க்கக் கிடைப்பது ஏன் இவ்வளவு அரிது? இந்தக் கேள்விகளுக்கான விடைகள் ஒன்றோடொன்று பின்னியவை. அந்தக் காலக் கேம்கள் ஏன் அவ்வளவு கடினமாக இருந்தன என்பது விளங்கினால்தான் நிகழ்ச்சி விளங்கும். நிகழ்ச்சி விளங்கினால்தான் அதைச் சுற்றியுள்ள உரிமைச் சிக்கலும் விளங்கும்.

அடிப்படை: யார், எங்கே, எப்போது

ஃபூஜி தொலைக்காட்சி நிறுவனம் தன் கட்டணச் செயற்கைக்கோள் சேனலில் 2003 நவம்பர் 4 அன்று இந்நிகழ்ச்சியைத் தொடங்கியது. ‘கேம் சென்டர்’ என்பது காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடத்துக்கு ஜப்பானியர் அன்றாடம் வழங்கும் சொல். ‘சிஎக்ஸ்’ என்பது ஃபூஜி தொலைக்காட்சியின் அழைப்புக் குறியீடான ‘ஜேஓசிஎக்ஸ்’ என்பதன் கடைசி இரண்டு எழுத்துகள்.

ஆடுபவர் ஷின்யா அரினோ, 1972இல் ஒசாகாவில் பிறந்த நகைச்சுவைக் கலைஞர். மசாரு ஹமகுச்சியுடன் சேர்ந்து ‘யொய்கோ’ என்ற இரட்டையராக மேடை ஏறியவர். யொய்கோ என்றால் ‘நல்ல பிள்ளை’ என்று பொருள். நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிகாம்’ என்னும் வீட்டு விளையாட்டுக் கருவியை 1983 ஜூலை 15 அன்று வெளியிட்டபோது அரினோவுக்கு வயது 11. அந்தக் கருவியோடு வளர்ந்த தலைமுறையின் நடுவிலிருந்து வந்தவர் அவர். அதே ஃபேமிகாமின் தயாரிப்பை நிண்டெண்டோ 2003 செப்டம்பரில்தான் முற்றாக நிறுத்தியது. கருவி விடைபெற்ற ஆண்டிலேயே நிகழ்ச்சி பிறந்தது. சிறுவயதில் அதை ஆடியவர்கள் அப்போது முப்பது வயதை ஒட்டி, அலுவலகங்களில் இடைநிலைப் பதவிகளில் இருந்தார்கள்.

அந்த அலுவலகத்தையே நிகழ்ச்சி தன் வேடமாக எடுத்துக்கொண்டது. அரினோ ஒரு நிறுவனத்தின் ஊழியர் போல வருவார், நாற்காலியில் உட்காருவார், அன்றைய கேமை முடிப்பதே அவருடைய வேலை. கீழ்நிலையில் தொடங்கிப் பதவி உயர்வுகள் பெற்று ‘கச்சோ’, அதாவது பிரிவுத் தலைவர் ஆனார். இன்று ரசிகர்கள் அவரை ‘அரினோ கச்சோ’ என்றே அழைக்கிறார்கள். தயாரிப்பாளரே பின்னணிக் குரலும் கொடுக்கிறார், ‘கச்சோ ஆன்!’ என்ற அவருடைய முழக்கத்தோடு சவால் தொடங்குகிறது.

முதல் பருவத்தில் கேம் நிறுவனங்களுக்குச் சென்று உருவாக்கியவர்களைப் பேட்டி காண்பதே முக்கியப் பகுதி. அரினோ ஆடுவது ஒரு சிறு துணைப் பகுதியாக இருந்தது. அந்தச் சிறு பகுதியே வளர்ந்து நிகழ்ச்சியை விழுங்கிவிட்டது. இப்போது ஒரு மணி நேர நிகழ்ச்சியின் முதுகெலும்பு ‘அரினோவின் சவால்’தான். பழைய விளையாட்டுக் கூடங்களையும் மூலைக் கடைகளையும் தேடிச் செல்லும் ‘தமகே’ போன்ற பகுதிகள் இடையில் மூச்சுவிட இடம் தருகின்றன.

பழைய கேம்கள் ஏன் அவ்வளவு கடினம்?

‘அந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், இப்போதுள்ளவர்களுக்குப் பொறுமை இல்லை’ என்று சொல்லி இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. கடினத்துக்குத் தெளிவான காரணங்கள் இருந்தன. அவற்றில் சில தொழில்நுட்பம், சில வணிகம்.

1. நினைவகம் மிகச் சிறியது. ஃபேமிகாமின் செயலி வினாடிக்குச் சுமார் 17.9 லட்சம் துடிப்புகளில், அதாவது 1.79 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. ஆடும்போது பயன்படும் நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. இந்தக் கட்டுரையின் முதல் இரண்டு பத்திகளைக்கூட அதில் முழுதாக வைக்க முடியாது. 1985இல் வந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும், படம், இசை, எல்லாக் கட்டங்களும் சேர்த்து, 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே புகைப்படம் அதைப் போல் நூறு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். நீளமான கேமை உருவாக்க இடம் இல்லை. தங்குதடையின்றி ஆடினால் பெரும்பாலான கேம்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

2. விலை பெரியது. அந்த ஒரு மணி நேரப் பொருளைக் கடையில் ஏறத்தாழ 5,000 யென் கொடுத்து வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கு ஒன்று, புத்தாண்டுப் பணத்தில் ஒன்று என்று கிடைக்கும் பிள்ளைக்கு, வாங்கிய அன்றே முடிந்துவிடும் கேம் ஏமாற்றம். கடினத்தைக் கூட்டினால் சிறிய கேம் மாதக்கணக்கில் நீளும். 40 கிலோபைட்டை ஆறு மாத உழைப்பாக மாற்றும் மலிவான வழி, வீரனைச் சாகடிப்பது.

3. காசுப்பெட்டியின் பழக்கம். பல வீட்டுக் கேம்கள் கூடங்களில் ஓடியவற்றின் மறுவடிவங்கள். கூடத்தில் 100 யென் நாணயம் விழுந்தால்தான் வருமானம். எனவே ஆடுபவர் சில நிமிடங்களில் தோற்க வேண்டும் என்பதே அந்த வடிவமைப்பின் கணக்கு. வீட்டுக்கு வந்தபோது காசுப்பெட்டி கழன்றுவிட்டது, கணக்கு மட்டும் கூடவே வந்தது. காப்காம் நிறுவனத்தின் ‘மகைமுரா’ இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இறுதி எதிரியை வீழ்த்தியதும், இதெல்லாம் சாத்தான் விரித்த மாயவலை என்று கேம் அறிவித்து முதல் கட்டத்துக்கே அனுப்பிவிடும். முழுவதையும் இரண்டாம் முறை முடித்தால்தான் உண்மையான முடிவு.

4. சேமிக்கும் வசதி இல்லை. கேமைத் தாங்கி வரும் செருகுபெட்டிகளான தொடக்கக் காலக் கார்ட்ரிட்ஜ்கள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது. மின்சாரத்தை நிறுத்தினால் எல்லாம் போய்விடும். சில கேம்கள் கடவுச்சொல் தந்தன. 1987இல் வந்த ‘டிராகன் குவெஸ்ட் 2’ தரும் ‘உயிர்ப்பிக்கும் மந்திரம்’ அதிகபட்சம் 52 எழுத்துகள் கொண்டது. ஒரே எழுத்தைத் தவறாக எழுதிவைத்தால் ஒரு வார உழைப்பு வீண்.

5. வன்பொருளின் தடுமாற்றம். திரையில் ஒரு கிடைக்கோட்டில் எட்டு அசையும் துண்டுப் படங்களுக்கு மேல் ஃபேமிகாமால் காட்ட முடியாது. ஒன்பதாவது வந்தால் ஏதாவதொன்று மறையும். அதனால் எதிரிகளும் குண்டுகளும் மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத குண்டுபட்டுச் சாவது உண்மையிலேயே நடந்தது.

6. உருவாக்கியவர்களாலேயே ஆட முடியவில்லை. கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமொட்டோ, 1986இல் ‘கிராடியஸ்’ கேமை ஃபேமிகாமுக்கு மாற்றியபோது, சோதித்துப் பார்க்கத் தனக்கே அது மிகக் கடினமாக இருந்ததால் ஒரு ரகசியப் பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம், பி, ஏ. உலகப் புகழ்பெற்ற ‘கொனாமி குறியீடு’ பிறந்தது இப்படித்தான்.

கடைசிக் குறிப்பில் தமிழ் வாசகர்கள் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். 1990களில் தமிழ்நாட்டுக் கடைகளில் ‘டிவி கேம்’ என்ற பெயரில் மலிவாக விற்ற கருவிகள் பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் அனுமதியற்ற நகல்கள்தான். அவற்றில் ‘கான்ட்ரா’ ஆடி முப்பது உயிர் வாங்கியவர்கள் அழுத்தியதும் ஹஷிமொட்டோவின் இதே வரிசைதான்.

எல்லாக் கடினமும் ஒரே வகை அல்ல. நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே அரினோ எதிர்கொண்ட ‘டகேஷியின் சவால்’ இதைக் காட்டும். நகைச்சுவைக் கலைஞர் பீட் டகேஷி வடிவமைப்பில் பங்கேற்று, டைட்டோ நிறுவனம் 1986 டிசம்பரில் வெளியிட்ட கேம் அது. ஓரிடத்தில், கையிலுள்ள வெற்றுத் தாளில் புதையல் வரைபடம் தோன்ற வேண்டுமானால், கன்ட்ரோலரைத் தொடாமல் ஒரு மணி நேரம் காத்திருப்பது ஒரு வழி. இன்னோரிடத்தில் ஃபேமிகாமின் இரண்டாம் கன்ட்ரோலரில் இருந்த மைக்கில் பாட வேண்டும். இதையெல்லாம் யாரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. இங்கே விரல் வேகத்துக்கு வேலையே இல்லை. யாராவது வந்து சொல்ல வேண்டும். இந்த ‘யாராவது’ என்பதில்தான் நிகழ்ச்சியின் உயிர் இருக்கிறது.

அறையில் நடப்பது என்ன?

ஒரு சவாலின் படப்பிடிப்பு காலையில் தொடங்கிப் பல நேரங்களில் நள்ளிரவைத் தொடும். பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் ஆட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் சுருக்குகிறார்கள். நாள் முடிவில் கேம் முடியவில்லை என்றால் இரண்டு வழிகள்: இன்னொரு நாள் வந்து தொடர்வது, அல்லது தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்து போவது. தோல்வியும் அப்படியே ஒளிபரப்பாகும். இது முக்கியமான விதி. முடிவு உறுதியில்லை என்று பார்ப்பவருக்குத் தெரிந்திருப்பதால்தான், கடைசி உயிரோடு அரினோ இறுதி எதிரியின் முன்னே நிற்கும்போது பார்ப்பவரின் உள்ளங்கையும் வியர்க்கிறது.

கேமராவுக்குப் பின்னால் இளம் உதவி இயக்குநர்கள் இருக்கிறார்கள். தொலைக்காட்சித் துறையில் எல்லோருக்கும் கீழே நின்று எல்லா வேலையும் பார்ப்பவர்கள் இவர்கள். அரினோ ஓரிடத்தில் மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டால் இவர்களில் ஒருவர் உள்ளே வருவார், வெள்ளைப் பலகையில் வரைபடம் போட்டு விளக்குவார், சில நேரம் கன்ட்ரோலரை வாங்கித் தானே ஆடிக் காட்டுவார். ஆண்டுகள் செல்லச் செல்ல ரசிகர்கள் இந்த உதவி இயக்குநர்களையும் பாத்திரங்களாக நேசிக்கத் தொடங்கினார்கள்.

முதலில் இது குறுக்குவழி போலத் தோன்றும். யோசித்துப் பார்த்தால், 1986இல் ஒரு பிள்ளை ஃபேமிகாம் ஆடியதும் இப்படித்தான். அண்ணன் ஒரு வழி சொல்வான். பக்கத்து வீட்டுப் பையன் தனக்குத் தெரிந்த ‘உராவாசா’ ஒன்றைக் காட்டுவான். கேமில் மறைந்திருக்கும் தந்திரத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் அது. மாத இதழ்கள் வரைபடம் அச்சிட்டன. சூப்பர் மாரியோவில் எல்லா உயிரும் போன பிறகு ஏ பொத்தானை அழுத்திக்கொண்டு ஸ்டார்ட் அழுத்தினால், விட்ட உலகத்தின் முதல் கட்டத்திலிருந்து தொடரலாம் என்ற செய்தி வாய்வழியாகவே ஊர் ஊராகப் போனது. தனியாளாக முடிக்க முடியாதபடி கடினமாக இருந்த கேம்களைப் பிள்ளைகள் கூட்டாகவே முடித்தார்கள். அந்த அறையைத்தான் நிகழ்ச்சி திரும்பக் கட்டியிருக்கிறது.

கெட்டிக்காரர் ஆடினால் போதாதா?

இன்று இணையத்தில் சூப்பர் மாரியோவை ஐந்து நிமிடத்துக்குள் முடிப்பவர்களின் காணொளிகள் கிடைக்கின்றன. அது வியக்க வைக்கும் கலை. ஆனால் அதில் அந்தக் கேமின் பெரும்பகுதி காணாமல் போய்விடுகிறது. வல்லவர் ஓடும்போது பொறிகள் பொறிகளாகத் தெரிவதில்லை. எதிரி எங்கே வருவான் என்று அவருக்கு முன்பே தெரியும். உருவாக்கியவர் ஒரு குழியை ஏன் அந்த இடத்தில் வைத்தார், முதல் முறை வருபவர் எதை நம்பி எங்கே ஏமாறுவார் என்பதெல்லாம், விழுகிறவர் ஆடினால்தான் தெரியும்.

அரினோ விழுகிறார். விழுந்தபின் என்ன தவறு என்று வாய்விட்டுச் சொல்கிறார், எதிரிகளுக்குப் பெயர் வைக்கிறார், ஒவ்வாத ஓர் உத்தியைப் பிடிவாதமாகப் பத்து முறை முயல்கிறார், பதினோராம் முறை வேறு வழிக்கு வருகிறார். ஒருவர் கற்றுக்கொள்ளும் செயல் இவ்வளவு வெளிப்படையாகத் திரையில் தெரிவது அரிது. சின்ன உயரத்திலிருந்து குதித்தாலே உயிர்விடும் ‘ஸ்பெலங்கர்’ கேமின் வீரனோடு போராடும் மனிதரைப் பார்த்து வரும் சிரிப்பில் இளக்காரம் இல்லை. நாமும் அங்கேதான் விழுந்தோம் என்ற உறவு இருக்கிறது. அவர் எந்தக் கேமையும் குப்பை என்று ஒதுக்குவதில்லை. மோசமான கேமையும் கடைசி வரை மதித்து ஆடுகிறார். இந்நிகழ்ச்சியின் ஆகப்பெரிய பண்பு அதுதான் என்பது என் எண்ணம்.

2013இல் பத்தாம் ஆண்டு விழாவை டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் நடத்தும் அளவுக்கு நிகழ்ச்சி வளர்ந்தது. மல்யுத்தமும் ஜூடோவும் பெரும் இசைக் கச்சேரிகளும் நடக்கும் அரங்கில், ஒருவர் பழைய கேம் ஆடுவதைக் காணப் பார்வையாளர்கள் திரண்டார்கள். மறு ஆண்டு, ‘மைட்டி பாம் ஜாக்’ என்ற கேமின் சவாலை மையமாகக் கொண்டு ஒரு திரைப்படமும் வந்தது.

அப்படியானால் ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

வெளிநாட்டு ரசிகர்களின் பெரிய மனக்குறை இதுதான். 2011இல் ‘ரெட்ரோ கேம் மாஸ்டர்’ என்ற பெயரில் சில அத்தியாயங்கள் அமெரிக்க ரசிகர்களுக்காக ஆங்கிலக் குரலோடு வெளியாயின. நூற்றுக்கணக்கான அத்தியாயங்களில் அது கைப்பிடி அளவு. ஜப்பானில் வரும் டிவிடி தொகுப்புகளிலும் தேர்ந்தெடுத்த அத்தியாயங்களே இருக்கின்றன. காரணத்தை அறியச் சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தில் வீடியோ கேம் ‘திரைப்பட வகைப் படைப்பு’ என்ற இனத்தில் சேர்கிறது. 1984இல் ‘பேக்மேன்’ வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இந்த வழியைத் திறந்தது. எனவே கேமின் காட்சியை ஒளிபரப்புவது, சட்டத்தின் கண்ணில், அடுத்தவர் படத்தை ஒளிபரப்புவது போன்றது.

2. ஆகவே ஒவ்வொரு கேமுக்கும் அதன் உரிமையாளரின் அனுமதி தேவை. தொலைக்காட்சிக்குத் தந்த அனுமதி டிவிடிக்கோ வெளிநாட்டு இணைய ஒளிபரப்புக்கோ தானாகச் செல்லாது. பின்னணியில் ஒலிக்கும் இசைக்கும் இதே கதைதான்.

3. 1980களில் கேம் வெளியிட்ட பல நிறுவனங்கள் இன்று இல்லை. சில இணைந்துவிட்டன, சில மூடப்பட்டன, உரிமை கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது. யாரிடம் கேட்பது என்பதே பெரிய தேடல்.

4. காத்திருந்தால் உரிமை காலாவதியாகிவிடும் என்று நினைக்கவும் இடமில்லை. திரைப்பட வகைப் படைப்புக்கு ஜப்பானில் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டுப் பாதுகாப்பு. 1985இன் மாரியோ 2055 முடியும்வரை பூட்டில் இருக்கும்.

இந்தச் சட்டம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. கேம் ஆடும் காணொளிகளை அனுமதியின்றிப் பதிவேற்றி விளம்பர வருமானம் ஈட்டிய ஒருவருக்கு 2023 செப்டம்பரில் செண்டாய் மாவட்ட நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்து, அதை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. 10 லட்சம் யென் அபராதமும் விதித்தது. கதையின் முடிவைத் தெரிந்துகொள்வதே இன்பமாக உள்ள கேம்களில், முழு ஆட்டத்தையும் காட்டினால் யாரும் வாங்க மாட்டார்கள் என்பது உரிமையாளர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. மறுபுறம் நிண்டெண்டோ 2018இல் வெளியிட்ட நெறிமுறையின்படி, தனிமனிதர்கள் தம் கருத்தையும் படைப்பாற்றலையும் சேர்த்து வெளியிடும் ஆட்டக் காணொளிகளை அது எதிர்ப்பதில்லை. ஆனால் இத்தகைய இளக்கங்கள் தனிமனிதருக்கானவை. தொலைக்காட்சி நிறுவனம் ஒவ்வொரு கதவையும் முறையாகத் தட்டியே ஆக வேண்டும்.

இந்நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு 2007இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த கேமை இந்தப் பின்னணியில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1980களுக்குப் போய்ச் சிறுவன் அரினோவோடு தரையில் உட்கார்ந்து பழைய கேம்களை ஆடுவதுதான் அதன் கதை. அதில் உண்மையான பழைய கேம் ஒன்றுகூட இல்லை. ஒரு விண்கப்பல் கேம், ஒரு நிஞ்ஜா கேம், ஒரு கார் பந்தயம் என எல்லாவற்றையும் அந்தக் காலப் பாணியில் புதிதாகவே உருவாக்கினார்கள். சிறுவர்கள் புரட்டிப் பார்க்கும் இதழ்களையும், அவற்றில் அச்சாகும் தந்திரங்களையும்கூட.

எது காக்கப்படுகிறது?

அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. அதே ஆண்டு மார்ச்சில் நிண்டெண்டோ தன் பழைய 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடைகளை மூடியது. அங்கே மட்டுமே விற்பனையில் இருந்த பல பழைய கேம்கள் அன்றோடு கைக்கெட்டாமல் போயின.

அருங்காட்சியகம் கார்ட்ரிட்ஜைப் பாதுகாக்கலாம், அதிலுள்ள தரவை நகலெடுத்து வைக்கலாம். அந்தக் கேமை ஆடியபோது ஒரு மனிதர் எங்கே தயங்கினார், எதைக் கண்டு பயந்தார், யாரைக் கூப்பிட்டு உதவி கேட்டார் என்பது தரவில் இல்லை. நூற்றுக்கணக்கான கேம்களுக்கு அந்தப் பதிவு அரினோவின் அறையில் எடுத்த ஒளிப்பதிவுகளில் இருக்கிறது.

‘மகைமுரா’வை இன்று தாமே ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு வழி இருக்கிறது. ‘கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ்’ என்ற பெயரில் அது நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியின் சந்தா சேவையில் முறையாகக் கிடைக்கிறது. அந்தச் சேவையில் 2019 முதல் ‘பின்னோக்கிச் சுற்றும்’ வசதி உண்டு. குழியில் விழுந்தால் இரண்டு பொத்தான்களை அழுத்திச் சில வினாடிகள் பின்னே போய், விழாமலேயே தொடரலாம். முதல் கட்டத்தை மட்டுமாவது அந்தப் பொத்தான்களைத் தொடாமல் ஆடிப் பாருங்கள். நெற்றியில் ஒட்டும் அந்தப் பட்டை எதற்கென்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.